ஹெவி மெட்டல் அலுத்துப்போய் மாறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஹெவி மெட்டல் இசையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். வடசென்னையில் கிதாரும் டிரம்ஸும் சொல்லிக்கொடுப்பவர்கள், சின்ன ஒலிப்பதிவுக்கூடம் நடத்துபவர்கள், கச்சேரிக்கு மைக் செட் போடுபவர்கள் என நாங்கள் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். தமிழ் நாளிதழ் ஒன்று இந்த இசைக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை சொன்ன இரண்டு விஷயங்களை மறுக்காமல் இருக்க முடியவில்லை. ஒன்று, ஒவ்வொரு தலைமுறைக்கும் முந்தைய சத்தம் அலுத்துப்போவதால் அதைவிட வேகமான, இரைச்சலான பாணி வருகிறது, இனி ஏற இடமில்லாததால் மெட்டல் முடிந்தது என்பது. இன்னொன்று, கானாவும் பறையும் கேட்டு வளர்ந்த வடசென்னைக் காதுக்கு மெட்டல் ஒட்டாது என்பது.

மெட்டல் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகவில்லை. 1970இல் மெதுவாகத் தொடங்கியது. 1986இல் தலைதெறிக்க ஓடியது. 1991இல் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டது. 1994இல் சுருதியை அடிமட்டத்துக்கு இறக்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் இசை ஏதோ ஓர் எல்லையைத் தொட்டிருக்கிறது. அந்த எல்லை கம்பியில் இருந்திருக்கும், டிரம்மரின் காலில் இருந்திருக்கும், வாசிக்கும் அறையின் சுவரில் இருந்திருக்கும், கடையில் விற்பனையை எண்ணுகிற முறையில்கூட இருந்திருக்கும். அதைத் தொட்டதும் அடுத்து வந்தவர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். பாணி மாற்றத்தைப் புரிந்துகொள்ள ரசிகரின் மனநிலையைவிடக் கருவியைப் பார்ப்பது அதிகம் உதவும்.

தொடக்கமே அப்படித்தான். பிளாக் சபாத் குழுவின் டோனி ஐயோமி, பர்மிங்ஹாமில் தகடு வேலை ஆலையில் இருந்தபோது, 17 வயதில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடதுகை வாசிப்பாளர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி வாசித்தார். மெல்லிய கிதார் கம்பி அப்போது எளிதில் கிடைக்காததால் பாஞ்சோ கம்பியை மாட்டினார். 1971இல் வந்த மூன்றாவது தொகுப்பில் (ஆல்பத்தில்) சில பாட்டுகளுக்குச் சுருதியை மூன்று ஃபிரெட் (கழுத்தில் அரைச்சுரத்துக்கு ஒன்றாகப் பதித்த கம்பிக்கட்டை) அளவு, இ-யிலிருந்து சி ஷார்ப்புக்கு இறக்கினார். கம்பி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, சத்தம் கனத்தது. இன்றுவரை மெட்டல் கிதார்காரர்கள் பலர் சுருதியை இறக்கித்தான் வாசிக்கிறார்கள். அந்தப் பழக்கம் இங்கிருந்து வேர்விட்டது.

இதைப் பார்த்து நம்மூர்ப் பிள்ளைகள் செய்வது என்னவென்றால், கடையில் வாங்கிய 10–46 கம்பி செட்டை (எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) மாற்றாமல் அப்படியே சி ஷார்ப்புக்கோ பி-க்கோ இறக்கிவிடுகிறார்கள். மூன்று ஃபிரெட் இறக்கினால் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். ஐந்து ஃபிரெட் இறக்கினால் 44 சதவீதம் போகும். தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் அடித்த நொடியில் சுருதி மேலே ஏறி, பிறகு இறங்கும். இரண்டு கிதார்கள் சேர்ந்து வாசித்தால் ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. கணக்கு சுலபம். ஒரு ஃபிரெட் இறக்க, கம்பியின் தடிமனை 1.06ஆல் பெருக்க வேண்டும். 46 கம்பியை சி ஷார்ப்புக்கு இறக்கினால் 54 அல்லது 56 தேவை. பி-க்கு இறக்கினால் 62. தடித்த கம்பி, கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் உட்காராமல் மேலே நிற்கும். அதை அரத்தால் அகலப்படுத்த வேண்டும், ஆனால் ஆழப்படுத்தக் கூடாது. ஆழம் கூடினால் முதல் ஃபிரெட்டில் கம்பி உரசி இரையும். அடுத்து, கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்ய இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைக் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் முழுச் சுற்று திருப்பினால் கழுத்து வளைந்துவிடும். கடைசியாக, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி வாசித்த சுரமும் அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாகும்வரை, அடிப்பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் எந்தப் பெடல் வாங்கினாலும் பணம் வீண்.

ஜூடாஸ் பிரீஸ்ட், பிறகு 1979ஐ ஒட்டி இங்கிலாந்தில் எழுந்த அயர்ன் மெய்டன், சாக்சன், டைமண்ட் ஹெட் அலை ஆகியவற்றைப் பற்றிக் கட்டுரை சொன்னது சரி. ப்ளூஸ் சாயலைக் கழித்து, இரட்டைக் கிதாரை முன்னால் கொண்டுவந்து, வேகத்தைக் கூட்டினார்கள். 1979இல் மோட்டர்ஹெட் குழுவின் ஃபில் டெய்லர் இரண்டு பாஸ் டிரம்களைப் பாட்டு முழுக்க ஓடவிட்டது பின்னால் வந்த எல்லோருக்கும் வழி திறந்தது. அமெரிக்காவில் மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் அந்த வேகத்தை இன்னும் கூட்ட, அதற்கு திராஷ் என்று பெயர் வந்தது.

திராஷ் எங்கே எல்லையைத் தொட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதிக் குழுக்கள் இன்றும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் இரட்டைப் பெடலைப் பதினாறாம் பங்கு கணக்கில், அதாவது ஓர் அடிக்குள் நான்கு தட்டாக ஓட்டினால், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் 75 மில்லி விநாடிதான் இருக்கும். நம் கல்யாண மண்டபங்களில் தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் வழவழப்பு. பின்சுவர் மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால், சத்தம் போய் மோதி மேடைக்குத் திரும்ப 87 மில்லி விநாடி ஆகும். முதல் தட்டின் எதிரொலி வந்து சேர்வதற்குள் இரண்டாவது தட்டு விழுந்துவிடும். எதிரொலி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் வந்து விழும். டிரம்மர் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் கேட்பவருக்கு ஒரு நீண்ட உறுமல்தான் மிஞ்சும். அதே மண்டபத்தில் நிமிடத்துக்கு 70 அடி போகும் மெதுவான பாட்டை வாசித்தால், ஒவ்வோர் அடிக்கும் நடுவில் 850 மில்லி விநாடிக்கு மேல் இடம் கிடைக்கும். எதிரொலி தொல்லை செய்யாமல் பாட்டுக்குப் பிரமாண்டத்தைக் கொடுக்கும்.

1986இல் ஸ்லேயரின் மூன்றாவது தொகுப்பைத் தயாரித்த ரிக் ரூபின், அந்தக் கால வழக்கத்துக்கு மாறாக, ஒலிப்பதிவிலிருந்து ரிவெர்பை (அறையின் எதிரொலி முழக்கத்தை) ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிட்டார். பத்துப் பாட்டுகள், மொத்தம் அரைமணி நேரத்துக்கும் குறைவு. டிரம்மர் டேவ் லொம்பார்டோவின் கால் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்டதற்கு அந்த வறண்ட ஒலிப்பதிவு முக்கியக் காரணம். வேகம் கூடக்கூட அறையைக் கழிக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் போனால் அடி அடியாகக் கேட்காது, சுரம்போல ஒட்டிக்கொள்ளும். பர்மிங்ஹாமின் நேபாம் டெத் 1987இல் பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக டிரம் அடி கொண்டு அந்த விளிம்புக்கே போய்விட்டது. ஃபுளோரிடாவின் டெத் மெட்டல் குழுக்கள் டாம்பா நகரின் மோரிசவுண்ட் கூடத்தில் அந்த வேகத்தைத் தெளிவாகப் பதிவதில் தேர்ந்தன. ஆனால் பெருங்கூட்டத்துக்கு முன்னால், விளையாட்டு அரங்கில் வாசிக்கும் குழுவுக்கு இது சரிவராது. 1991இல் பாப் ராக் தயாரிப்பில் மெட்டாலிகா வேகத்தைக் குறைத்து, ஒவ்வோர் அடிக்கும் இடம் விட்டு, 1988 தொகுப்பில் கேட்காமலே போயிருந்த பாஸ் கிதாரைத் திரும்பக் கொண்டுவந்தது. ரசிகர்களில் ஒரு சாரார் இதைத் துரோகம் என்றார்கள். அரங்கத்தின் ஒலியியலை அறிந்து எடுத்த முடிவு என்றே நாங்கள் அதைப் பார்க்கிறோம்.

மண்டபத்தில் வேகமான பாட்டு வாசித்தே ஆக வேண்டும் என்றால் செய்யக்கூடியவை உண்டு. ஸ்பீக்கர் பாக்ஸைப் பின்சுவரை நோக்கி வைக்காமல், உயர்த்திக் கட்டி, கூட்டத்தின் தலைகளை நோக்கிச் சாய்க்க வேண்டும். பின்சுவரில் ஜமக்காளங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் மேல்ஸ்தாயி எதிரொலி நன்றாக அடங்கும். பாஸ் டிரம்முக்குள் ஒரு தலையணையைத் தோலை லேசாகத் தொடும்படி வைத்து, ஃபெல்ட் அடிப்பானுக்குப் பதில் மரம் அல்லது பிளாஸ்டிக் அடிப்பானைப் போட்டால் 'டும்' போய் 'டக்' வரும். 'டக்'தான் கேட்பவருக்கு எண்ணிக்கை சொல்லும். பாட்டின் வேகத்தையும் பத்து அடி குறைத்துக்கொள்ளலாம். பயிற்சி அறைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் குறைக்கும், பாஸ் சத்தம் பக்கத்து வீட்டுக்கு அப்படியே போகும், தீப்பிடித்தால் ஆபத்து. மூலைகளில் நான்கு அங்குலத்துக்கு ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) அடுக்கித் துணி போர்த்துவது எவ்வளவோ மேல்.

இனி விற்பனைப் பட்டியல் விஷயம். எங்களில் ஒலிப்பதிவாளர் ஒருவர் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்ன பகுதி இது. லாஸ் ஏஞ்சலஸின் அலங்கார (கிளாம்) மெட்டல் 1983 முதல் கோலோச்சியதற்கு எம்.டி.வி. இசைத் தொலைக்காட்சி ஒரு காரணம். அந்த ஆண்டு கொயட் ரயட் குழு அமெரிக்கத் தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாணி 1991இல் சரிந்ததற்கு நிர்வாணா என்ற ராக் குழுவைத்தான் எல்லோரும் காரணம் சொல்கிறார்கள், உங்கள் கட்டுரையும் சொல்கிறது. ஆனால் அதே ஆண்டு மே மாதம், அந்த அமெரிக்கப் பட்டியலை வெளியிடும் பில்போர்டு இதழ் எண்ணும் முறையையே மாற்றியது. அதுவரை கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்னதை நம்பியவர்கள், சவுண்ட்ஸ்கேன் முறையில் கல்லாவில் பார்கோடு படிக்கப்படும் உண்மையான விற்பனையை எண்ணத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே ஸ்கிட் ரோ தனது கனமான இரண்டாவது தொகுப்போடு நேராக முதலிடத்தில் நுழைந்தது. ஆகஸ்டில் மெட்டாலிகாவும் அப்படியே நுழைந்தது. நிர்வாணாவின் புகழ்பெற்ற தொகுப்பு கடைக்கு வந்தது செப்டம்பர் இறுதியில், பட்டியலில் முதலிடம் பிடித்தது 1992 ஜனவரியில். கனமான இசைக்கு ஏற்கெனவே பெரும் கூட்டம் இருந்திருக்கிறது, எண்ணத் தெரியாததால் அது யார் கண்ணிலும் படவில்லை. ஒரு பாணி "பிரபலம்" என்று சொல்வதற்கு முன் யார், எப்படி எண்ணினார்கள் என்று கேட்பது பத்திரிகையின் வேலை. இன்றைக்கு யூடியூப் பார்வைகளை வைத்து எழுதும்போதும் அதே கேள்வி பொருந்தும்.

1990களில் எல்லோரும் கீழே இறங்கினார்கள். 1980களில் அலங்கார மெட்டல் வாசித்த பண்டேரா, பெயரை மாற்றாமல் ஆளையே மாற்றிக்கொண்டதுபோல 1990இல் தாளத்தின் ஆட்டத்தை முன்னிறுத்தும் கனமான குரூவ் பாணிக்கு வந்தது. கோர்ன் 1994இல் ஏழு கம்பிக் கிதாரை மேலும் ஒரு முழுச்சுரம் இறக்கி, ஏ சுருதிக்கு, அதாவது 55 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனது. கிதார் பாஸின் இடத்துக்குள் புகுந்தபோது பாஸ் எங்கே போவது? கோர்னின் பாஸ் வாசிப்பு கம்பி ஃபிரெட்டில் மோதும் 'கிளிக்' சத்தமாக மாறியது. இதோடு ஹிப்-ஹாப் தாளமும் சுழல்தட்டும் சேர்ந்து நூ மெட்டல் ஆனது. 2000இல் லிங்கின் பார்க் அதை உலகமெல்லாம் கொண்டுபோனது, நம் பிள்ளைகளில் பலர் மெட்டலுக்குள் நுழைந்த வாசல் அதுதான்.

சுவீடனின் மெஷுகா இன்னும் கீழே போக விரும்பி, 2002 தொகுப்புக்கு எட்டுக் கம்பிக் கிதார் செய்யச் சொன்னது. முன்மாதிரிக் கிதார்கள் சரிவர வேலை செய்யாததால், ஏழு கம்பிக் கிதாரையே தளர்த்திப் பதிவு செய்தார்கள். பிறகு எட்டுக் கம்பிக் கிதார் கைக்கு வந்ததும் 2006இல் அதே கிதார்களை மறுபடி வாசித்து வெளியிட்டார்கள். ஏன் என்று கணக்குப் போட்டால் தெரியும். அவர்கள் இறங்கிய எஃப் சுருதி சுமார் 44 ஹெர்ட்ஸ். வழக்கமான 25.5 அங்குல நீளக் கிதாரில் அதற்குச் சமமான இழுவிசை வேண்டுமானால் 87 தடிமன் கம்பி வேண்டும். அவ்வளவு தடித்த கம்பி விறைத்துப்போய், மேல் ஹார்மோனிக்குகள் விலகி, சுருதி சேராததுபோல ஒலிக்கும். பின்னாளில் ஐபானெஸ் என்ற கிதார் நிறுவனம் அவர்களுக்காகச் செய்த கிதாரில் நீளத்தை 29.4 அங்குலமாக்கினார்கள். அந்த நீளத்துக்கு 75ஐ ஒட்டிய தடிமனில் சமாளிக்கலாம். இந்த வழியின் எல்லை இங்கே வந்துவிட்டது. பாஸ் கிதாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், கிதார் அதற்கு ஒரே ஒரு ஃபிரெட் மேலே நிற்கிறது. நாம் வாடகைக்கு எடுக்கும் சப்வூஃபர் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தராது. அதற்கும் கீழே இறங்குவதால் கேட்பவருக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே அடுத்து வந்த, ஜென்ட் என்று பெயர் பெற்ற பாணியின் குழுக்கள் சுருதியை விட்டுவிட்டுத் தாளக் கணக்கிலும் மௌனத்திலும் கனத்தைத் தேடின. ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும், 2006இல் வந்த ஆக்ஸ்-எஃப்எக்ஸ் போன்ற கருவிகளும், முன்பே பதிவு செய்த ஒலித்துணுக்குகளால் டிரம்ஸை அடுக்கும் மென்பொருளும் அந்தப் பாணியை வீட்டு அறையிலேயே பதிவு செய்ய வைத்தன. பாட்டின் நடுவே சட்டென்று நிறுத்துவதற்கு ஆளரவமற்ற நிசப்தம் வேண்டும். கணினியில் வெட்டி ஒட்டுபவருக்கு அது எளிது.

ஒலி அளவை ஏற்றிக்கொண்டே போன கதை சுருக்கமானது. டிஜிட்டல் பதிவில் உச்ச வரம்புக்கு மேல் இடமே கிடையாது. மெட்டாலிகாவின் 2008 தொகுப்பில் ஒலி அந்த வரம்பில் மோதி நசுங்கியது ரசிகர்களுக்கே கேட்டது. ஒரு கணினி விளையாட்டில் அதே பாட்டுகள் நசுங்காமல் வந்திருந்ததைக் கண்டுபிடித்து, மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி மனு எழுதினார்கள். வேகம், சுருதி, ஒலி அளவு என்ற இந்த மூன்று வழிகளும் அடைபட்டபின் மெட்டல் செத்துவிடவில்லை. மெல்லிசையையும் ஆர்.அண்ட்.பி. பாடும் முறையையும் சேர்த்துக்கொண்ட ஸ்லீப் டோக்கன் 2025 மே மாதம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. அதை மெட்டல் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. ஆனால் அடுத்த திருப்பம் அது என்பதில் சந்தேகமில்லை.

சென்னைக்கு இந்த வரிசை வரிசையாக வந்து சேரவில்லை. பர்மா பஜாரில் எம்.பி.3 சி.டி. விற்ற காலத்தில் ஒரே தட்டில் 1970ஐச் சேர்ந்ததும் 2000ஐச் சேர்ந்ததும் கலந்து கிடைக்கும். இன்று செல்போனிலும் அப்படித்தான். அதனால் வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு குழு அரைமணி நேர நிகழ்ச்சிக்குள் மூன்று காலப் பாட்டுகளை ஒன்றாக வாசிக்கிறது. இது நல்ல விஷயம். ஆனால் மூன்றையும் ஒரே கிதார், ஒரே பெடல், ஒரே சுருதியில் வாசிக்க முயலும்போதுதான் எல்லாம் கொசகொசவென்று ஆகிவிடுகிறது. இ சுருதிப் பாட்டுகளை முதலில் வைத்து, பிறகு கிதார் மாற்றி, இறக்கிய சுருதிப் பாட்டுகளைச் சேர்த்து வைத்தால் மேடையில் டியூன் செய்து கூட்டத்தைக் காக்க வைக்க வேண்டியதில்லை.

கிதாரின் ஒலியை மாற்றும் பெடலை எடுத்துக்கொள்வோம். சுவீடனின் ஸ்டாக்ஹோம் குழுக்கள் 1990ஐ ஒட்டி பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்.எம்.-2 பெடலில் நான்கு குமிழ்களையும் முழுக்கத் திருகி, ரம்பம் அறுப்பதுபோன்ற ஒலியை எடுத்தார்கள். அது அந்தப் பாணிக்கு மட்டுமே பொருந்தும். ஹார்ட்கோர் பங்க் கலந்த மெட்டல்கோர் வாசிக்க அதற்கு நேர்மாறாக, ஐபானெஸ் டியூப் ஸ்கிரீமர் பெடலில் டிரைவைப் (ஒலியைக் கரகரக்கவைக்கும் குமிழை) பூஜ்ஜியத்தில் வைத்து லெவலை ஏற்றி, கெயின் (கரகரப்பு) ஏற்கெனவே உள்ள ஆம்புக்கு முன்னால் போட வேண்டும். அது அடிஸ்தாயியைக் குறைத்து நடுஸ்தாயியைத் தூக்கும், உள்ளங்கை வைத்து அமுக்கி வாசிக்கும் அடிகள் துண்டு துண்டாகக் கேட்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் கெயினை முழுக்க வைத்தால் அமுக்கிய அடி சகதியாகிவிடும். நடுஸ்தாயியைக் குழித்து வைப்பது படுக்கையறையில் நன்றாக இருக்கும், மேடையில் சிம்பல் அடித்ததும் கிதார் காணாமல் போகும்.

மைக் செட் போடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆம்ப் இல்லை என்று டிஸ்டார்ஷன் பெடலை நேராக மிக்சரில் குத்தாதீர்கள். கிதார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை இயல்பாகவே வெட்டிவிடும். மிக்சரில் அந்த வெட்டு இல்லாததால் தகரத்தில் மணல் தேய்ப்பதுபோல இரையும். கிதார் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச்செய்யும் கேபினெட் சிமுலேட்டர் பெடல் ஒன்றை நடுவில் போடுங்கள். ஆம்ப் இருந்தால் எஸ்.எம். 57 மைக்கை வலையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, ஸ்பீக்கரின் நடுக் குமிழுக்கும் விளிம்புக்கும் இடையில் வையுங்கள். நடுவுக்குப் போனால் கூர்மை கூடும், விளிம்புக்கு வந்தால் மங்கும். கிதார் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பாஸ் உடனே தெளியும். சத்தம் 100 டெசிபலைத் தொட்டால் கால்மணி நேரத்துக்கு மேல் காதுக்கு ஆகாது என்பதால் வாசிப்பவரும் மிக்ஸ் செய்பவரும் காதடைப்பான் போட்டே ஆக வேண்டும்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றில் உப்பு அதிகம். வாசித்து முடித்ததும் கம்பியின் மேற்புறத்தை மட்டும் துடைத்தால் போதாது. துணியைக் கம்பிக்கு அடியில் நுழைத்துத் துடைக்க வேண்டும். துரு பிடிப்பது அடிப்பக்கத்தில்தான், அது ஃபிரெட்டையும் அரித்துவிடும்.

இனி இரண்டாவது மறுப்பு. மெட்டல் போன இடமெல்லாம் அந்த ஊர்த் தோல் கருவியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பிரேசிலின் செபுல்டுரா 1996இல் வந்த தொகுப்புக்காக ஷவாந்தே பழங்குடியினரோடு அவர்கள் ஊருக்கே போய்ப் பதிவு செய்தது, பிரேசில் தாளக்கலைஞர் கார்லினியோஸ் பிரவுனின் தாளக்கருவிகளைச் சேர்த்தது. டெல்லியின் பிளட்டிவுட் டோல் வைத்துக்கொண்டு 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்தது. இங்கே 2018இல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்திக் காட்டியது. ஆகவே ஒட்டாது என்பது தவறு. ஒட்டவைக்கும் வேலை நுணுக்கமானது என்பதுதான் சரி.

பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அயர்ன் மெய்டன் பாணிக் குதிரை ஓட்டத்தைக் குத்துத் தாளத்தின் மேல் அப்படியே ஏற்றுகிறார்கள். இரண்டுமே ஓர் அடிக்குள் மூன்று தட்டு என்பதால் ஒன்றுபோலத் தோன்றும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடி 500 மில்லி விநாடி. குதிரை ஓட்டத்தில் தட்டுகள் 0, 250, 375 என்று விழும். ஓர் அடியை மூன்று சம பங்காக்கும் திஸ்ர நடையில் ஓடும் குத்தில் 0, 167, 333 என்று விழும். இரண்டாவது தட்டிலேயே 83 மில்லி விநாடி இடைவெளி வந்து பிசிறடிக்கும். கிதார்காரர் மூன்றையும் சம அளவில், மூன்றையுமே கீழ்நோக்கி அடித்து வாசித்தால் போதும், பறையோடு பூட்டு விழுந்ததுபோலச் சேரும். டிரம்மர் இரட்டைப் பெடலை வலது, இடது, வலது. இடது, வலது, இடது என்று மூன்று மூன்றாக மாற்றி ஓட்டப் பழக வேண்டும். ஒவ்வோர் அடியின் தொடக்கமும் கால் மாறி வருவதால் இடது கால் பலவீனமாக இருந்தால் இரண்டாவது அடி எப்போதும் மெலிந்து கேட்கும். மெட்ரோனோமை 80இல் வைத்து, இடது காலில் தொடங்கிப் பயில்வதுதான் இதற்கு மருந்து.

ஒலியமைப்பில், பறையின் மெல்லிய சுண்டுக்குச்சி விழும் 'சள்' சத்தமும் கிதார் பிக் விழும் சத்தமும் ஏறத்தாழ 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் மோதிக்கொள்ளும். பறையை ஏற்றுவதைவிட, இரண்டு கிதாரிலும் அந்த இடத்தில் 3 டெசிபல் இறக்குவது பலன் தரும். பறைக்கு முன்னால் ஒரு மைக், பின்னால் ஒரு மைக் வைத்தால், பின் மைக்கின் ஃபேஸை (அலை ஏறி இறங்கும் திசையை) மிக்சரில் திருப்பிவிட மறக்கக் கூடாது, திருப்பாவிட்டால் அடிஸ்தாயி முழுக்கக் காணாமல் போகும். தோல் பறை தீயில் காய்ந்ததும் சுருதி ஏறி நிற்கும், மாலைக் கடற்காற்றின் ஈரம் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கிதார் சுருதி அப்படி இறங்காது. ஆகவே பறை முழங்கும் பாட்டை நிகழ்ச்சியின் முதல் பாட்டாக வைக்க வேண்டும், அல்லது மேடைக்குப் பின்னால் தீமூட்டி, அந்தப் பாட்டுக்கு முந்தைய பாட்டு ஓடும்போதே காய்ச்சிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தோல் போட்ட சட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதன் 'டங்' நீளமாக ஒலிப்பதால் தோலின் ஓரத்தில் ஒரு துண்டுத் துணியை டேப் போட்டு ஒட்டி அடக்க வேண்டியிருக்கும்.

அடுத்த முறை உங்கள் நிருபர் வடசென்னைக் குழு ஒன்றைப் பற்றி எழுத வந்தால், நிகழ்ச்சி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக, சவுண்ட் செக் நடக்கும்போதே வரட்டும். எந்தச் சுருதி, எந்தக் கம்பி, என்ன வேகம் என்று கேட்டு எழுதட்டும். எங்களில் யாரைக் கேட்டாலும் கருவியைக் கையில் கொடுத்தே காட்டுவோம்.

இப்படிக்கு,
கிதார், டிரம்ஸ் பயிற்றுநர்கள், ஒலிப்பதிவாளர்கள், மைக் செட் தொழிலாளர்கள் சிலர்,
பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டை,
சென்னை